மஞ்சள் சிவக்காத வெள்ளைக் கேன்

துடைக்காதீங்க அக்கா. முந்தானைதான் அழுக்காகும். எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் அது போகாது. மார்கழி மாசம், பனி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பனி வெளியே இருக்கிறது. கண்ணாடியில் இருப்பது பனி இல்லை. அது நான்.

ஐயோ, நகர்ந்து உட்காராதீங்க. நான் நல்ல பெண்தான். பெயர் இளவஞ்சி, வெண்ணந்தூர், ராசிபுரத்தில் ப்ளஸ் டூ. இந்த சீட்டில் யார் உட்கார்ந்து இந்தக் கண்ணாடியைத் துடைத்தாலும், அது ஏன் இப்படி ஆனது என்று நான் என் வாயாலேயே சொல்ல வேண்டும். இந்தப் பஸ் முதலாளி எனக்குப் போட்ட தண்டனை அது. நம்பிக்கை இல்லையென்றால் கண்டக்டர் ரமணி அண்ணனைக் கேளுங்க. "ஏ வஞ்சி, ஒண்ணு விடாமச் சொல்லோணும், ஆமா!" கேட்டுச்சா? திரும்பிப் பார்க்காதீங்க, அவர் வாயே திறக்கவில்லை. நான்தான். அவர் குரல் ரொம்ப எளிது அக்கா. மூக்கில் கொஞ்சம், தொண்டையில் கொஞ்சம், மீதியெல்லாம் சில்லறை இல்லாத எரிச்சல்.

இதுதான் என் வியாதி. யார் பேசினாலும் ரெண்டு நிமிஷத்தில் அந்தக் குரல் எனக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பால்காரர் வரும், எங்கள் தமிழம்மா வரும், குக்கர் விசில் வரும். ஒன்பதாவது படிக்கும்போது தலைமையாசிரியர் குரலில் மைக்கில் "மாணவச் செல்வங்களே, இன்று அரை நாள் விடுமுறை" என்றேன். பாதிப் பள்ளிக்கூடம் கேட்டைத் தாண்டிவிட்டது. நானும் கூடவே ஓடியிருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். எத்தனை பேர் நம்பினார்கள் என்று எண்ணிக்கொண்டு மைக் பக்கத்திலேயே நின்றேன். என் மூளை அவ்வளவுதான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாறாதீங்க.

எங்கள் அம்மா வேணி. பிரிவு ரோட்டில் 'வேணி வாட்டர் வாஷ்' என்று பச்சை போர்டு இருக்குமே, அது அம்மாவுடையது. அப்பா லாரி டிரைவர், நார்த் லைன். நாக்பூர், இந்தூர் என்று போனால் நாற்பது ஐம்பது நாள் கழித்து வருவார். வந்து மூன்று நாள் தூங்குவார், திரும்பப் போய்விடுவார். அதனால் எங்கள் வீட்டில் அப்பா என்றால் ஒரு போன். அந்தப் போனும் அதிகம் பேசாது. "ம். என்ன. செரி. வெக்கறேன்." முடிந்தது. நாலே வார்த்தை. மிமிக்ரிக்காரிக்கு இதைவிட லேசான ஆள் கிடைப்பாரா?

கடையில் அம்மா வைத்ததுதான் சட்டம். வண்டி கழுவுவது பெரிய வித்தை இல்லை, எதைப் போட்டுக் கழுவுகிறோம் என்பதுதான் வித்தை என்பாள். "மிசினு வாய்க்குள்ள ரப்பர் வளையம் இருக்குது புள்ள. மண்ணெண்ணெய் ஊத்துனா ஊறிப்போயிரும், ப்ளீச்சிங் போட்டா நைஞ்சுபோயிரும். உனக்கு ஒத்துக்காததைத் தின்னா நீ வாந்தியெடுக்கற மாதிரி அது கழுத்து வழியாக் கக்கும்." வண்டியை நிழலில் நிறுத்த வேண்டும். கீழிருந்து மேலே நுரை போட வேண்டும். நுரை காய்வதற்கு முன்னால் அலச வேண்டும். எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் முதலில் பம்பருக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தடவிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் மஞ்சள். அதுதான் அம்மாவின் பெரிய பரீட்சை. கடை அலமாரியில் மஞ்சள் தடவிக் காயவைத்த காகிதத் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கும். கெமிக்கலில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவாள். குங்குமமாகச் சிவந்தால் காரம். "பெயிண்டைத் தின்னும், அலுமினியத்தைத் தின்னும், உன் கையையும் தின்னும். வெளிய வை." மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் உள்ளே வரலாம். எத்தனை விற்பனைக்காரர்களை அந்தத் துண்டுக் காகிதம் திருப்பி அனுப்பியிருக்கிறது தெரியுமா! கோட்டு போட்டுக்கொண்டு வருவார்கள். காகிதம் சிவக்கும், அவர்கள் முகமும் சிவக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்டாப் அத்தனூர்தானே? முடித்துவிடுவேன்.

போன ஆயுத பூஜை நாள். எங்கள் ஊர்ப் பக்கம் அன்றைக்கு ஒரு சக்கரம்கூட அழுக்காக இருக்கக் கூடாது. காலையிலேயே கடை வாசலில் வரிசை. முதல் வண்டி இதுதான், இந்த 'ஸ்ரீ பவளவல்லி'. முதலாளி நல்லியப்பன் மாமாவுக்கு நாலு பஸ். நாலும் எங்கள் கடையில்தான் கழுவும். அந்த நாலு போனால் எங்கள் கடையில் மிஞ்சுவது ரெண்டு மாட்டு வண்டியும் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு ஸ்கூட்டரும்தான். அவர் பேச்சு எப்படியென்றால், "க்ஹும். அதாகப்பட்டது வேணி, சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு பூஜையில எம்பட வண்டிதான் முன்னால நிக்கோணும். மாப்பிள்ளையாட்ட."

மாப்பிள்ளை முகமெல்லாம் உப்புக்கறை. போர்வெல் தண்ணீரிலேயே கழுவிக் கழுவி, ஜன்னல் சட்டத்திலும் கண்ணாடியிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து கிடந்தது. ஷாம்பு போட்டுத் தேய்த்தால் போகும், ஆனால் மத்தியானம் ஆகும். எனக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஏன் என்று கேளுங்க. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு மேடையில் பத்து நிமிஷம் எனக்கு! 'பல்குரல் செல்வி வெ. இளவஞ்சி' என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். ஒத்திகை பார்க்க வேண்டாமா?

முந்தின வாரம்தான் ஒரு விற்பனைக்காரர் வந்திருந்தார். "மேடம், ஒரே ஸ்ப்ரே மேடம். உப்புக்கறைக்கு எமன் மேடம். நாளைக்கு நீங்க உங்க பஸ்ஸையே அடையாளம் கண்டுபிடிக்க மாட்டீங்க மேடம்." அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. வெள்ளைக் கேன். மேலே புலிப் படம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்துக் கிடையாது. அம்மா கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றனுங்க தம்பி" என்றாள். அவர் சும்மாவே ஒரு கேனை வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதை மூலையில் தள்ளி, மேலே கோணிச் சாக்கைப் போட்டாள்.

இப்போது நீங்க சிரிக்கிறீங்க. உங்களுக்குப் புரிகிறது. எனக்குப் புரியவில்லையே! 'ஊட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்' என்றால் 'கிளம்பு தம்பி' என்று அர்த்தம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அம்மா இத்தனை வருஷத்தில் அப்பாவைக் கேட்டு ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை என்பதும் அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை. ஊட்டுக்காரரைக் கேட்க வேண்டும், அவ்வளவுதானே? கேட்டுவிட்டால் போச்சு. ஊட்டுக்காரர் என் தொண்டையிலேயே இருக்கிறாரே!

கடைப் போன் தண்ணீர் படாமல் பாலித்தீன் பைக்குள் கட்டித் தொங்கும். யார் நம்பர் என்று தெரியாது. பைக்குள் எப்போதும் நீராவிதான். அப்பாவும் கிளீனர் போன், தாபாக்காரர் போன் என்று எதிலிருந்தாவதுதான் கூப்பிடுவார். நான் வரிசையில் நின்ற ஒரு டிரைவரிடம் போனை வாங்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் கடை நம்பரை அடித்தேன். முதலில் நாக்கால் லாரி இன்ஜின். பிறகு தூரத்தில் ஒரு ஏர் ஹாரன். பிறகு அப்பாவின் இருமல். எனக்கே புல்லரித்தது.

"ஏ வேணி."

"ம்... சொல்லுங்க."

இங்கே கொஞ்சம் உருக்கம் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. எடுத்தவுடனே கேனைப் பற்றிப் பேசினால் சந்தேகம் வராதா?

"சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் பம்ப் மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சாப்ட்டேனுங்க. நீங்க?" என்றாள் அம்மா.

"ம். கால்ல பித்தவெடிப்பு எப்பிடி இருக்குது? ஈரத்துலயே நின்னா எங்கிருந்து ஆறும்? ஒரு ரப்பர் பூட்சு வாங்கிக்க. ராத்திரியில முதுகு புடிக்குதுன்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காராத, ஒரு நாளைக்குக் கடையச் சாத்திட்டு டாக்டரைப் பாரு. ஒண்டியா எத்தனைதான் பாப்ப நீயும்."

"ம்."

நன்றாகப் போகிறது என்று நானும் விட்டுப் பிடித்தேன். தீபாவளிக்குச் சீக்கிரம் வருவதாகச் சொன்னேன். இந்தூரில் ஒரு சேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னேன். நிறம் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன், அம்மா கேட்கவில்லை. கடைசியில்தான் வேலையைக் காட்டினேன். "அப்பறம் அந்த வெள்ளைக் கேனு... உப்புக்கறைக்கு அதையே அடிச்சுப் பாக்கலாம். வஞ்சிகிட்டக் குடு. கெட்டிக்காரப் புள்ள அது."

"ம்."

"செரி. வெக்கறேன்."

ஏழு நிமிஷம் அக்கா! எங்கள் அப்பா ஒரு வருஷத்தில் பேசுவதை நான் ஒரே மூச்சில் பேசியிருந்தேன். அம்மா போனை வைத்துவிட்டுப் பம்ப் ரூமுக்குள் போனாள். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. பூஜைச் சாமான் தேய்க்கிறாள் என்று நினைத்தேன்.

என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடாதீங்க. சட்டப்படி பரீட்சையும் வைத்தேன். மஞ்சள் காகிதம் எடுத்தேன், வெள்ளைக் கேனிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். சிவக்கவேயில்லை. முன்பிருந்ததைவிடப் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. முதல் வகுப்பில் பாஸ்! கையுறையை மாட்டிக்கொண்டு மிஷினின் சோப்புத் தொட்டியில் கேனைக் கவிழ்த்தேன்.

மஞ்சள் காரத்துக்குத்தான் சிவக்கும் அக்கா. அமிலத்தைப் பார்த்தால் அது பாட்டுக்கு மஞ்சளாகவே இருக்கும். இது பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். விடைத்தாளில் எழுதியது வேறு, தொட்டியில் ஊற்றியது வேறு. ரெண்டும் ஒரே உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அடித்தேன். ஐயோ, என்ன வேகம்! உப்புக்கறை வழுக்கிக்கொண்டு ஓடியது. சட்டமெல்லாம் வெள்ளிப் பாத்திரமாக மின்னியது. நானே நல்லியப்பன் மாமா குரலில் "க்ஹும், அதாகப்பட்டது வஞ்சி, நீயல்லவோ கெட்டிக்காரி" என்று என்னைப் பாராட்டிக்கொண்டேன். அப்புறம் இந்தப் பக்க ஜன்னல் கண்ணாடி ஒன்று எதிரே இருந்ததா... அதில் முகம் பார்த்து ஒத்திகையை ஆரம்பித்துவிட்டேன். வண்டி நிழலிலும் இல்லை. பால்காரர், தமிழம்மா, தலைமையாசிரியர் என்று வரிசையாக வந்து போனார்கள். நாலாவது குரல் பாதியில் இருக்கும்போது கண்ணாடியில் என் முகம் மங்கியது. கண்ணில்தான் தூசி என்று கசக்கினேன். சிரித்துவிடுங்க, பரவாயில்லை.

அலசலாம் என்று தண்ணீர் பீய்ச்சும் கன்னை அழுத்தினால், மிஷின் கழுத்து வழியாக உஸ்ஸென்று கக்கியது. அம்மா சொன்ன மாதிரியே வாந்தி. அந்தச் சாரல் என் முகத்தில். தொண்டைக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி இருமல். கத்துகிறேன், எந்தக் குரலும் வரவில்லை.

அம்மா வெளியே ஓடி வந்தாள். பஸ்ஸைப் பார்க்கவேயில்லை அக்கா. சத்தியமாக அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்து என் தலையில் பிடித்தாள். கண், வாய், கழுத்து, உடுப்போடு. "கொப்புளி. துப்பு. இன்னும் துப்பு." கால் மணி நேரம் இருக்கும். வரிசையில் நின்ற டிரைவர்கள்தான் பஸ்ஸை இன்னொரு குழாயில் அலசினார்கள்.

"யாரு உன்னை அதைத் தொடச் சொன்னது?"

"அப்பா..." என்றேன். காற்றுதான் வந்தது.

"எப்பச் சொன்னாரு?"

"நீதான் போன்ல ம் ம்னு சொன்னியே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. திருடன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்ட கதை. அம்மா குழாயை நிறுத்தினாள். அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடிக்கவில்லை.

"உங்கொப்பன் பேசலைன்னு எனக்குத் தெரியும் புள்ள. ரெண்டாவது வார்த்தையிலயே தெரியும்."

எனக்கு அதுதான் பெரிய அடி. என் கலைக்கே விழுந்த அடி. "குரல்ல என்ன தப்பு?" என்று அந்த இருமலிலும் கேட்டேன்.

"குரலெல்லாம் அச்சு அசலு. கல்யாணமாகிப் பத்தொம்பது வருசம், அந்த மனுசன் ஒரு நாளு என்னைச் சாப்ட்டியான்னு கேட்டதில்ல."

"தெரிஞ்சும் எதுக்கு ம் கொட்டுன? கேனை அடிக்கலாமான்னு கேட்டதுக்கும் ம்னியே?"

"கேனைப் பத்தி எப்பச் சொன்ன?" என்றாள் அம்மா.

கேட்டீங்களா? ஏழு நிமிஷம் போனைக் காதில் வைத்திருக்கிறாள். வெடிப்பு, முதுகு, சேலை எல்லாம் கேட்டிருக்கிறது. முக்கியமான ஒரு வரி மட்டும் கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டாக்டரிடம் அன்றைக்கு என்னைத்தான் காட்டினார்கள். பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்றார். ஊரில் பாதிப் பேர் அவருக்கு மாலை போடத் தயாராக இருந்தார்கள். மேடையில் என் பத்து நிமிஷத்துக்கு ஒரு பையன் வந்து யோகாசனம் செய்தானாம்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நல்லியப்பன் மாமா வந்துவிட்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். இந்தப் பக்கம் நாலு கண்ணாடிக்கும் கண்புரை. சட்டமெல்லாம் சுண்ணாம்பு. அதாகப்பட்டதுகூட வரவில்லை அவருக்கு.

"யாரு வேணி சொல்லி இந்தக் கண்றாவி?"

"நாந்தானுங்க," என்றாள் அம்மா.

"நீ செய்யற ஆளில்ல. ஊட்டுக்காரருக்குப் போனைப் போடு. நாலு வண்டியும் இனி இங்க வருமா வராதான்னு அவருகிட்டவே சொல்லிடறேன்."

அம்மா முகம் வெளுத்துவிட்டது. போட்டாள். ஸ்பீக்கரில் அப்பா. நிஜ அப்பா. அவருக்கு இங்கே நடந்த எதுவும் தெரியாது. மாமா நடந்ததைச் சொல்லிவிட்டு, "இது யாரு சொல்லி நடந்ததுங்க?" என்று கேட்டார். இன்ஜின் சத்தத்தோடு ஒரு இருமல் வந்தது. பிறகு, "ம். நாந்தானுங்க சொன்னேன். எம்மேலதான் தப்பு. கண்ணாடிய நானே மாத்தித் தர்றேன். வேணி கை வெச்சா வண்டி சுத்தமா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வண்டிய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

நல்லியப்பன் மாமா போனைப் பார்க்கவில்லை. குனிந்து என் வாயைப் பார்த்தார். அசைகிறதா என்று! என் வாயில் டாக்டர் கொடுத்த பஞ்சுதான் இருந்தது என்று சொல்ல ஆசை, ஆனால் டாக்டரிடம் அதற்குப் பிறகுதான் போனோம். வாயை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றேன். போனில் அப்பா இன்னும் இருமிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாமா நம்பினார்.

வண்டிகளை நிறுத்தவில்லை. மூன்று கண்ணாடியை மாற்றினார்கள். இந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தார். "அதாகப்பட்டது வஞ்சி, நீ ப்ளஸ் டூ முடிக்கற வரைக்கும் இது இப்படியே இருக்கும். தொடைக்கறவங்களுக்கெல்லாம் நீயே சொல்லு." இது தண்டனையாம். தினமும் புது ஆள், முக்கால் மணி நேர மேடை! அவர் விவரமில்லாதவர் அக்கா.

இப்போது கடையில் ரெண்டு டப்பா இருக்கிறது. ஒன்று மஞ்சள் காகிதம். இன்னொன்று செம்பருத்திப் பூவைக் கசக்கித் தடவிய காகிதம். அமிலம் பட்டால் அது அடர் ரோஸாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அதைத் தயார் செய்வது என் வேலை. ரெண்டும் மாறாமல் இருக்க வேண்டும், உள்ளே என்ன என்று கேனில் எழுதியிருக்க வேண்டும், அப்புறம்தான் பம்பருக்குப் பின்னால் உள்ளங்கை அகலம். புலிப் படம் போட்ட எதுவும் வாசற்படி தாண்டாது.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. போன மாசம் அப்பா வந்திருந்தபோது, அந்த ஏழு நிமிஷத்தையும் அவரிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். போன வாரம் காலையில் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். அப்பா குரல், "சாப்ட்டியா?" என்றது. பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரி, திக்கித் திக்கி. நான் செய்தது எவ்வளவோ தேவலை. அம்மா, "ஏ வஞ்சி, போனை வெச்சுட்டு வேலையப் பாருடி" என்று கட் பண்ணிவிட்டாள். கட் பண்ணிவிட்டுத் திரும்பினால் நான் எதிரிலேயே நிற்கிறேன், வாய் நிறையப் பல்பொடியோடு.

அம்மா என்னைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். திரும்ப அடித்தது. பாலித்தீன் பையோடு அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு பம்ப் ரூமுக்குள் போனாள். எனக்குக் கேட்டது. "இல்லீங்க... இன்னும் சாப்புடல" என்கிறாள். ஐந்து தோசை அக்கா! சுட்டுப் போட்டவளே நான்தான். தட்டுகூட இன்னும் கழுவவில்லை. யாரிடமும் பொய் சொல்லாதே என்று எனக்குப் பாடம் நடத்துகிறவள், அந்த மனுஷன் வேலை மெனக்கெட்டு அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கும்போது, எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

நீங்க எதுக்கு இப்போ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீங்க? அதில்தான் ஒன்றும் தெரியாதே.

அக்கா, எந்திரிங்க, அத்தனூர் வந்துவிட்டது. விசில் கேட்கலையா? நான் இல்லை அக்கா, சத்தியமா. இது ரமணி அண்ணன் ஊதின நிஜ விசில்!